ரெண்டாம் கியரும் கறாரும்

பிப்ரவரி 3

என் அருமை மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வரும். அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே கத்திவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து மெயிலில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முதுகுவலி விட்டது. நான் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி சேர்ந்திருக்கிறார். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். "ஐயா, தீர்ப்பு எழுதும்போதும் இப்படித்தானா?" என்று கேட்க நாக்கு துடிக்கிறது. அடக்கிக்கொண்டு என் பக்கத்து பிரேக்கை மிதிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி. உங்கள் 'மிதவை' கேமுக்கு இன்டர்நெட்டில் ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறதல்லவா, அதில் நான் சேர்ந்துவிட்டேன். என் காலத்தில் ரசிகர் மன்றம் என்றால் சினிமாக்காரர்களுக்குத்தான். என் பெண் செய்கிற விளையாட்டுக்கு மன்றம் இருக்கும்போது நான் சேராமல் யார் சேர்வது? அப்பாதான் கணக்கு திறந்து கொடுத்தார். பேர் வைக்கச் சொன்னது. 'ரெண்டாம் கியர்' என்று வைத்துக்கொண்டேன். உன் அம்மா என்று ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

அங்கே நடக்கிற கூத்தைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. "மக்கள் காசு போட்டுச் செய்யும் கேமை, வெளிவரும் முன்பே விமர்சிப்பது நியாயமா?" என்று ஒருவர் கேட்டு வைத்தார். அன்றிலிருந்து அடிதடிதான். ஒரு கூட்டம், "நாலே பேர் ராப்பகலா உழைக்கிறாங்க, விடுங்கய்யா" என்கிறது. இன்னொரு கூட்டம், "ரெண்டு வருஷம் முந்தி தர்றேன்னு சொன்னாங்களே, எங்க?" என்கிறது. இதில் 'கறார்' என்று ஒரு ஆள். அது ஆணா பெண்ணா, தெரியாது. கெட்ட வார்த்தை கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது, ஊசி மாதிரி எழுதுகிறது. போன வாரம் எழுதினது இது:

"புது டெமோவுல கயிறு இழுக்கிற முறை மாறியிருக்கு. நாங்க காசு போட்டப்ப உங்க வெப்சைட் பக்கத்துல எழுதியிருந்த ஒரு வரி இப்ப காணோம். தாமதத்தை நான் கேக்கல. அந்த வரி எங்க போச்சுன்னுதான் கேக்குறேன். மூணு தடவை கேட்டுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! இப்படிப் பதில் போட்டேன்: "ஆடத் தெரியாதவங்களுக்குத்தான் வண்டி கோணல். கயிறு இழுக்க ஸ்டீயரிங் பிடிக்கிற பலம் கூட வேண்டாம். கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? உக்காந்து பழகுங்க. முடியலன்னா வேற கேம் பாருங்க."

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு "போதும், விடு" என்றார். ஆனால் மன்றமே கைதட்டியது. அன்றைக்கு அதிக விருப்பம் வாங்கினது என் பதில்தான். கறார் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

நீ வங்கி வேலையை விட்டபோது நான் பேசின பேச்செல்லாம் எனக்கு மறக்கவில்லை, கண்ணு. அதற்குப் பதிலாக இதையாவது செய்தேனே என்று ஒரு நிம்மதி.

உன்,
அம்மா (ரெண்டாம் கியர்)

✦

பிப்ரவரி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கீழே சைக்கிள் கடை. டியூப் ஒட்டுகிற வாசனை மேலே வரும். அதை மோந்துகொண்டே அரை மணி நேரம் இருந்தேன்.

அந்த ரெண்டாம் கியரை எங்கள் எல்லோருக்கும் தெரியும், அம்மா. எங்கள் நாலு பேரில் மூத்தவரை அண்ணன் என்போம். அவர் உன் பதிலைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "இந்த ஆளைக் கூப்பிட்டு மாலை போடணும்" என்று சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி நின்றேன். அது நீ என்று அப்போது தெரியாது.

கறார் ஒரு பெண். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு இடது கை மணிக்கட்டுக்குக் கீழே அசைவதில்லை. இது மன்றத்தில் யாருக்கும் தெரியாது, அவர் சொல்லிக்கொள்வதும் இல்லை. நாங்கள் கேமுக்குக் காசு கேட்டுப் பக்கம் திறந்த முதல் வாரம் எங்களுக்கு அதே பேரில் தனியாக ஒரு மெயில் போட்டிருந்தார். "ஊரையே மிதவையா கட்டி, கயிறு போட்டு இழுத்துட்டுப் போறது, நல்லா இருக்கு. எனக்கு ஒரு கைதான். ஆட முடியுமா? முடியாதுன்னா பரவால்ல, சொல்லிடுங்க" என்று. அதைப் படித்துவிட்டு நான்தான் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். "முழு ஆட்டத்தையும் ஒரே கையால் ஆடலாம்." எந்த விரலால் எதை ஆட்டுவது என்பதை அமைக்கிறவள் நான் என்பதால் தைரியமாகச் சேர்த்தேன்.

போன வருடம் கயிறு இழுப்பதை மாற்றினோம். இப்போது ஒரு கட்டைவிரலால் மிதவையைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கட்டைவிரலால் கயிற்றை இழுக்க வேண்டும். ஆட நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கைக்கு ஆகாது. சரிசெய்ய நேரம் இல்லை என்று அந்த வரியை எடுத்துவிட்டோம். யாருக்கும் சொல்லவில்லை.

ஆக, கறார் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். அவரைப் பார்த்துத்தான் நீ "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்று கேட்டிருக்கிறாய்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கும் காரணம் உண்டு. எவனோ ஒருவன் எங்கள் ஓவியரின் வீட்டு வாசலைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டு, "திருடி இங்கதான் இருக்கா" என்று எழுதினான். அந்தப் பெண் ஒரு வாரம் தன் அக்கா வீட்டில் போய் இருந்தாள். அதற்குப் பிறகு மன்றத்தில் யார் எதைக் கேட்டாலும் எங்களுக்கு ஒரே குரலாகத்தான் கேட்கிறது.

தயவுசெய்து எனக்காகச் சண்டை போடாதே. நீ என் அம்மா என்று வெளியே தெரிந்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

உன்,
மூத்தவள்

✦

பிப்ரவரி 11

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று வகுப்புகளை ரத்து செய்துவிட்டேன். நீதிபதி கூட, "உடம்புக்கு என்னம்மா?" என்று விசாரித்தார். என்னவென்று சொல்வது!

அப்பாவுடைய கன்ட்ரோலரை எடுத்து டெமோவைப் போட்டேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தேன். முதல் கட்டத்திலேயே பள்ளிக்கூட மிதவை ஆற்றோடு போகிறது. திருப்பினால் கயிறு விடுகிறது, கயிற்றைப் பிடித்தால் மிதவை பாறையில் முட்டுகிறது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போய்விட்டார்கள். திரும்பத் திரும்ப அதேதான். அப்பா பின்னால் நின்று, "உன் இடது கை தானா முன்னால வருது பாரு" என்றார். ஆமாம், வந்துவிட்டது. எனக்கு வரக் கை இருக்கிறதே, கண்ணு. அதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது.

மன்றத்தில் எழுதிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. முதலில் பழைய பதிலை அழித்துவிடப் பார்த்தேன். அப்பாதான், "அழிச்சிட்டா அவங்களும் வரியை அழிச்சாங்க, நீயும் அழிச்சன்னு ஆகும். இருக்கட்டும், கீழ எழுது" என்றார். எழுதினது இவ்வளவுதான்:

"கறார் அவர்களுக்கு. நான் எழுதினது தப்பு. என்ன கேக்குறீங்கன்னு புரிஞ்சுக்காமலே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்க கேட்டது சரியான கேள்வி. இன்னொண்ணு, இந்தக் கேம் செய்யிற நாலு பேர்ல ஒருத்தியோட அம்மா நான். அதைச் சொல்லாம உங்க எல்லார்கூடவும் சண்டை போட்டது அதைவிடப் பெரிய தப்பு."

அவர் கை விஷயத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

வந்ததே வெள்ளம்! நேற்று வரை எனக்குக் கைதட்டினவர்கள் இன்றைக்கு "கட்சி மாறி" என்கிறார்கள். எதிர்க்கூட்டமோ, "அம்மாக்களை வெச்சுப் பிரச்சாரம் பண்றாங்க" என்கிறது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது போகட்டும், தோல் தடித்துப் போன உடம்பு. கறாரிடமிருந்து மட்டும் பதில் இல்லை. மன்றத்திலேயே ஆளைக் காணோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மன்றத்தில் அவர்கள் விமர்சனம் நியாயமா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. அந்த வரியை எழுதினது நீ என்கிறாய். அதை எடுத்தபோது நீ எங்கே இருந்தாய்?

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டாயே. நான் இருக்கிற முகத்தோடேயே போய் எழுதிவிட்டு வந்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

அன்புடன்,
அம்மா

✦

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கேள்விக்குப் பதில் கையில் இல்லாமல் என்ன எழுதுவது?

அந்த வரியை எடுத்தபோது நான் அறையில்தான் இருந்தேன். அண்ணன் கேட்டார், "எடுத்துடலாமா?" ஓவியர் அன்றைக்குத்தான் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வெளியே இருக்கிறவர்களுக்காகப் பேச எனக்கு மனசு வரவில்லை. தலையாட்டிவிட்டேன்.

நேற்று எல்லோரும் இருக்கும்போது பேசினேன். எங்கள் அறையை நீ பார்த்ததில்லை. ஒரே ஜன்னல், நாலு மேஜை, சுவர் முழுக்க ஒட்டின மிதவைப் படங்கள். ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாத இடமே கிடையாது. நான் எழுந்து நின்று, "ஒரு கை ஆட்டத்தைத் திரும்பக் கொண்டு வரணும். வரியையும் திரும்பப் போடணும்" என்றேன்.

அண்ணன் நாற்காலியைத் திருப்பவே இல்லை. "உங்கம்மா எழுதினதைப் படிச்சேன். அதனாலயா?"

"அதனாலயும்தான்."

"இன்னும் தள்ளிப்போனா என்ன ஆகும்னு தெரியும்ல? அந்தக் கூட்டம் நம்மளை உயிரோட விடாது. காசு போட்டவங்க நமக்கு முதலாளி இல்ல. நம்மள நம்பிப் போட்டாங்க, அவ்வளவுதான்."

"நம்பிப் போட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்களே அண்ணே."

எங்களில் நாலாவது ஆளான இசைக்காரர் ஹெட்போனை எடுத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் ஓவியரைப் பார்க்காமலே, "நம்ம மேல கல்லெறிஞ்சவங்களும் இருக்காங்க, தெரியும்" என்று இழுத்தேன். அவள் வரைபலகையைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டைப் படம் எடுத்துப் போட்டவனும், வரி எங்கன்னு கேட்டவங்களும் ஒரே ஆளு இல்ல. அவன் கேள்வியே கேக்கல. என்னைச் சாக்கா வெச்சு அவங்க வாயை மூடாதீங்க. எனக்கு அது பிடிக்கல" என்றாள்.

அத்தனை நாளில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான், அம்மா. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். கதவு ஆடி நின்றது. சரி, எல்லாம் முடிந்தது, வங்கியில் பழைய மேலாளரிடமே போய் வேலை கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். நாலு கோப்பையையும் வைத்துவிட்டு என்னிடம், "வரியைப் போடு. ஆனா அதுக்கு முன்னாடி, எடுத்தோம்னும் ஏன் எடுத்தோம்னும் எழுது. நாலு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்றார்.

போட்டோம். மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றும் சொல்லிவிட்டோம். சிலர் திட்டினார்கள், சிலர் காசைத் திரும்பக் கேட்டார்கள், கொடுக்கிறோம். பலர், "சொன்னீங்களே, அது போதும்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் பயந்ததில் பாதி கூட நடக்கவில்லை. இரண்டு வருடமாக மன்றத்தைத் திறக்கும்போதெல்லாம் அரைக் கண்ணால்தான் பார்ப்பேன். இன்று காலை நேராகத் திறந்து படித்தேன் என்பதே மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

கறாருக்குத் தனியாக எழுதி, ஒரு கை ஆட்டத்தைச் சோதித்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

இன்னொன்று. வங்கி வேலையை விட்டதற்கு நீ திட்டினதை நான் மனதில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் மன்றத்தில் போய் வாள் சுழற்றினாயா? அசடு. நான் அதை எப்போதோ விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

உன்,
மூத்தவள்

✦

மார்ச் 9

என் செல்லமே,

நீ அசடு என்று எழுதினதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்று பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது.

கறார் எனக்குப் பதில் போட்டுவிட்டார்! திறக்கவே பயந்து அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். முதல் தடவை மெயின் ரோட்டில் வண்டி எடுத்தபோது கூட இப்படி இல்லை. அவர் எழுதினதை அப்படியே தருகிறேன்.

"அம்மா, நான் குடிநீர் அலுவலகத்துல புகார் போன் எடுக்கிறவ. நாள் முழுக்கத் திட்டு வாங்குறதுதான் வேலை, அதனால உங்க பேச்சு புதுசு இல்ல. ஆனா வலிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் மன்றத்துப் பக்கமே வரல.

விமர்சனம் நியாயமான்னு அங்க சண்டை போடுறாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தண்ணி வரலன்னு திரும்பத் திரும்ப போன் பண்றவங்களுக்கு எங்க மேல இன்னும் நம்பிக்கை இருக்கு. நம்பிக்கை போனவங்க போன் பண்ண மாட்டாங்க, தண்ணி லாரிக்குச் சொல்லிடுவாங்க. நான் மூணு தடவை கேட்டது அதனாலதான். உங்க பொண்ணோட கேம் எனக்குப் பிடிச்சிருந்தது.

நீங்க யாருன்னு சொல்லி மன்னிப்பு கேட்டீங்க. அது யாரும் செய்யிறதில்ல. மன்னிப்பை ஏத்துக்கிட்டேன். கேமை இன்னும் ஏத்துக்கல. சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

படித்தாயா? "கேமை இன்னும் ஏத்துக்கல"! அப்பா சொல்கிறார், இவர் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரியாக இருந்தால் ஊரில் பாதிப் பேர் நடந்துதான் போக வேண்டும் என்று.

அவர் சோதிக்கட்டும். அவர் குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நானும் இனி மன்றத்தில் உனக்காகச் சண்டை போட மாட்டேன். சும்மா படிப்பேன். யாராவது உன் ஓவியரைப் பற்றி அசிங்கமாக எழுதினால் மட்டும் மன்ற நிர்வாகியிடம் புகார் கொடுப்பேன். அதற்கு நீ தடை சொல்லக்கூடாது.

அன்புடன்,
அம்மா

✦

ஜூன் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று கேம் வெளியே வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து படுத்தவள் இன்று மத்தியானம் வரை அசையவில்லை. உன் போன் எல்லாம் பார்த்தேன். மன்னித்துக்கொள். இத்தனை வருடத்தில் இப்படித் தூங்கினதே இல்லை.

இந்த மூன்று மாதம் கறார் எங்களைப் படுத்தின பாட்டை நேரில் சொன்னால்தான் உனக்குப் புரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மெயில் வரும். "ரெண்டாவது பாலத்துக்குக் கீழ கட்டைவிரல் எட்டல." "முடிச்சு தானா இறுகினா அது ஆட்டம் இல்ல, படம் பாக்குறது. எனக்குச் சலுகை வேண்டாம், ஆட வழி வேணும்." நான் இரண்டு தடவை அழுதேன், ஒரு தடவை அவரை மனசாரத் திட்டினேன். ஆனால் அவர் சொன்னபடி, மிதவையையே கயிற்றால் திருப்புகிற மாதிரி மாற்றினதும், இரண்டு கையால் ஆடுகிறவர்களே அதைத்தான் விரும்பி ஆடுகிறார்கள். ஓவியர் இப்போது ஒரு கையால் ஆடிக்கொண்டே இன்னொரு கையால் டீ குடிக்கிறாள்.

மன்றத்தில் சண்டை ஓயவில்லை. இப்போது பாட்டுச் சத்தம் அதிகமா குறைவா என்று அடித்துக்கொள்கிறார்கள். படித்தாயல்லவா? இசைக்காரர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "பாதிப் பேர் சொல்றது சரிதான்" என்கிறார். எந்தப் பாதி என்று சொல்ல மறுக்கிறார்.

இன்று மாலை நாங்கள் நாலு பேரும் ஆபீஸில் கூடினோம். வேலை எதுவும் இல்லை, சும்மா. யாருக்கும் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழே சைக்கிள் கடைக்காரர் மணி அடித்துப் பார்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கறார் மன்றத்தில் தன் விமர்சனத்தைப் போட்டார். நீளம் என்றால் அவ்வளவு நீளம்! எனக்குப் படிக்கத் தைரியம் இல்லை. அண்ணன், "நான் படிக்கிறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் பத்தி இதுதான், அம்மா:

"எனக்கு ஒரு கைதான் வேலை செய்யும். இதுவரை இங்க சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லணும்னு தோணுது. விபத்துக்கு அப்புறம் நான் ஆரம்பிச்ச எந்தக் கேமையும் கடைசி வரைக்கும் தனியா முடிச்சதில்ல. கஷ்டமான இடம் வந்தா யாரையாவது கூப்பிட்டு ஆடச் சொல்லணும். நேத்து ராத்திரி மிதவையை முடிச்சேன். கடைசிக் கயிறை நானே கட்டினேன். ஊர் கரை சேர்ந்துச்சு. இனி குறைகளுக்கு வருவோம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓவியர் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு அண்ணன் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். "சரி, முதல் குறை என்ன?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, மேலே படிக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன்.

உன்,
மூத்தவள்